காலேஜ் கேம்பில் பிபி 148/96 என்று எழுதிக் கொடுத்தார்கள். வயது 20. வீட்டில் சொல்வதா, வேண்டாமா?

கொருக்குப்பேட்டை கேட் (இரவு 1.40)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், காலை ஷிப்ட். போன வாரம் எங்கள் காலேஜில் ஹெல்த் கேம்ப் போட்டார்கள். வந்தால் அட்டெண்டன்ஸ் என்றதால் போனேன், மற்றபடி உடம்பு மேல் அக்கறை எல்லாம் இல்லை. மூன்றாவது மாடி செமினார் ஹால். லிப்ட் ஸ்டாஃபுக்கு மட்டும். மூச்சு வாங்க ஏறிப்போய் வரிசையில் நின்றால், ஒருவர் சட்டைக் கையோடு சேர்த்துப் பட்டையைச் சுற்றினார், நிற்க வைத்தே காற்றடித்தார், 148/96 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். கீழே சிவப்புப் பேனாவில் 'டாக்டரைப் பார்க்கவும்'. எந்த டாக்டர், எப்போது, ஒன்றும் இல்லை. அதற்குள் 'நெக்ஸ்ட்' என்றுவிட்டார். பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்து, "மச்சான், இது தாத்தா பிபிடா" என்றான். அன்றிலிருந்து கிளாஸில் எனக்குப் பெயர் தாத்தா.

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. காரணம் அப்பா.

அப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஹார்பருக்குள் போகிற வண்டிகள் எண்ணூர் ரோட்டில் எப்படி வரிசை கட்டி நிற்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அந்த வரிசையில் நிற்கும்போதுதான் நெஞ்சை அடைத்திருக்கிறது. அவருக்கு அப்போது 44. கேஸ் என்று நினைத்து ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வண்டியிலேயே படுத்துவிட்டார். வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும் இல்லையா. மூன்று மணி நேரம் கழித்து, கிளீனர் அண்ணன் அவர் சட்டை வேர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் ஆட்டோ பிடித்தார். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கனரக வண்டி இனி வேண்டாம் என்றதால் இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டார். காலை மூன்றரைக்கு எழுந்திருக்கிறார். எனக்குப் பிபி என்று சொன்னால் அவர் என்ன ஆவார் என்றே தெரியவில்லை.

என் நாள் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. வீட்டு வாசலில் இட்லி வேகிறது, ஆனால் வியாபாரத்துக்கு வைத்ததில் கை வைக்க மனசு வராது. காலேஜ் வாசலில் ஒரு டீ, ஒரு தம். நூறு கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்று காம்பவுண்டு சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பிடிக்கிறோம். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. பரீட்சை நேரத்தில் எண்ணுவதில்லை. இரண்டு மணிக்குக் குஸ்கா, இல்லை பரோட்டா. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பைக்கில் ஃபுட் டெலிவரி. கண் சொருகாமல் இருக்க அந்த இருபது ரூபாய் எனர்ஜி டிரிங்க், சிவப்பு பாட்டில் இரண்டு, கடைசி ஒன்று பத்து மணிக்கு மேல். முடித்துவிட்டுத் தள்ளுவண்டியில் ஃப்ரைட் ரைஸ். எடை 81, உயரம் 5 அடி 7. பத்தாவது வரை வியாசர்பாடி கிரவுண்டில் ஃபுட்பால் ஆடியவன்தான். இப்போது செல்போனில் ஆடுகிறேன்.

இது நிஜமான பிபியா? மாத்திரை ஆரம்பித்தால் காலம் முழுக்கப் போட வேண்டுமா? ஒரு ஈசிஜி எடுத்தால் நிம்மதியாகிவிடுமா? சில நேரம் இடது பக்கம் சுருக்கென்று குத்துகிறது, அதுவும் இதுதானா?


மணலி மாஸ் (காலை 7.05)

ப்ரோ, 20 வயதில் பிபியாவது ஹார்ட்டாவது. நல்லா சாப்பிடுங்கள், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பல் பூண்டு. இப்போது சின்ன வயதுக்காரர்கள் பொத்தென்று விழுவதற்கெல்லாம் அந்தக் கோவிட் தடுப்பூசிதான் காரணம், எல்லாருக்கும் தெரியும், சொல்ல மாட்டார்கள். நீங்கள் எத்தனை டோஸ் போட்டீர்கள்?


ராயபுரம் ஈசிஜி (காலை 11.30)

தம்பி, நான் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை பற்றி என்னிடம் கேட்காதே. ஆனால் பிபி பார்ப்பதை எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கேம்பில் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. மூன்று மாடி ஏறி வந்தவனை நிற்க வைத்து, சட்டைமேல் சுற்றி, பின்னால் ஒருவன் பேச்சுக் கொடுக்க எடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் தம் அடித்தாயா என்று நீ எழுதவில்லை. அடித்திருப்பாய்.

அதற்காக அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதே. சரியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மேல் கையில் சுற்றுகிற மெஷின் யாரிடமாவது இரவல் வாங்கு. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சிகரெட், டீ, சிவப்பு பாட்டில் எதுவும் அரை மணி நேரத்துக்கு முன்னால் கூடாது. ஒண்ணுக்கு வந்தால் போய்விட்டு வா, அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும். முதுகு சாய்ந்த நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. வெறும் தோலில் பட்டை, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வை. ஐந்து நிமிடம் சும்மா இரு. சும்மா என்றால் சும்மா, போனையும் நோண்டாதே. எடுக்கும்போது வாயைத் திறக்காதே. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை எடு. இப்படிக் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி போடு. வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. நடுவில் 180/110-க்கு மேல் காட்டி, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தால் ஏழு நாள் காத்திருக்காதே, அன்றைக்கே போ. இந்த வயதில் நிஜமாகவே பிபி இருந்தால் சிறுநீரகத்தில் கோளாறா, தைராய்டா என்று காரணத்தையும் தேடுவார்கள். உடனே மாத்திரை என்றும் இல்லை.

அப்புறம் ஈசிஜி. என் பிழைப்பே அதுதான், இருந்தாலும் சொல்கிறேன். வலது கையில் சிவப்பு கிளிப், இடது கையில் மஞ்சள், இடது காலில் பச்சை, வலது காலில் கறுப்பு, நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ். உன் வயசுப் பையன்கள் ஏசி ரூமில் சட்டையைக் கழற்றியதும் நடுங்குவார்கள். கோடு முழுக்கப் புல் முளைத்த மாதிரி வரும். போர்வையைப் போர்த்தி, இரண்டு நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு மறுபடி எடுப்பேன். அந்தத் தாளில் இருப்பது பத்து விநாடிக் கதை. அந்தப் பத்து விநாடியில் இதயம் எப்படி அடித்தது என்று சொல்லும். குழாய்க்குள் என்ன படிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லாது. 'நார்மல்' என்று தாளைக் கையில் கொடுத்ததும் நேரே வாசலுக்குப் போய்ப் பற்றவைத்தவர்களை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

சுருக்கென்று குத்தி, ஒரு விரலால் இங்கே என்று காட்ட முடிந்து, அழுத்தினால் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் அது நெஞ்சு எலும்பு, தசை விவகாரம். மாடி ஏறும்போதோ ஓடும்போதோ நெஞ்சை அழுத்துகிற மாதிரி வந்து, நின்றால் போகிறது என்றால், அல்லது ஓடும்போது மயங்கி விழுந்தாய் என்றால், அது வேறு கதை. உடனே காட்டு. உங்கள் அப்பா செய்த மாதிரி சோடா குடிக்காதே. வேர்வையோடு நெஞ்சு அடைத்தால் 108. ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதில் என் கண்ணில் பட்ட எண் 148 இல்லை. 44.

அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆண்களுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ கூடப்பிறந்த பெண்களுக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். நம் பக்கத்து ஜனங்களுக்கு அது சீக்கிரமே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னாலேயே வந்தது தெரிந்தது. உன் அப்பா அதற்கும் முந்திக்கொண்டார். ஆகவே பிபியோடு நிற்காதே. கொழுப்புப் பரிசோதனை ஒன்று எடு, அதில் எல்டிஎல் என்ற வரியைப் பார், கெட்ட கொழுப்பு என்பார்களே, அதுதான். தங்கை, தம்பி இருந்தால் அவர்களுக்கும் எடு. சில குடும்பங்களில் பிறவியிலேயே எல்டிஎல் 190-க்கு மேல் இருக்கும். ஆள் ஒல்லியாக இருப்பான், எண்ணெய்ப் பலகாரம் தொட மாட்டான், ஆனாலும் இருக்கும். அப்பாவின் கருவிழியைச் சுற்றி சாம்பல் வளையம் இருக்கிறதா, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் தடித்திருக்கிறதா என்று ஒரு தடவை பார். அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது எடுத்த பழைய ரிப்போர்ட் பரணில் எங்காவது இருக்கும், அதையும் எடுத்துக்கொண்டு போ. வீட்டில் சொல்லாமல் இதில் ஒன்றையும் செய்ய முடியாது என்பது உனக்கே புரிந்திருக்கும்.

நாலு, ஐந்து சிகரெட்தானே என்கிறாய். 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். தினம் 20 பிடிக்கிறவனுக்கு இதய நோயில் எவ்வளவு கூடுதல் ஆபத்தோ, அதில் ஏறக்குறைய பாதி, தினம் ஒன்றே ஒன்று பிடிக்கிறவனுக்கும் இருக்கிறது. நுரையீரல் வேண்டுமானால் எண்ணிக்கை பார்க்கும், இதயக் குழாய் அப்படிப் பார்ப்பதில்லை. குறைப்பது நல்லதுதான், ஆனால் குறைத்துவிட்டேன் என்று உட்கார்ந்துவிடாதே. விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் பாக்கெட்டிலேயே நம்பர் போட்டிருக்கிறது, 1800-11-2356, காசு இல்லை.

சிவப்பு பாட்டிலைத் திருப்பி, பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் படி. 100 மி.லி.க்கு ஏறக்குறைய 30 மி.கி. காஃபீன். 250 மி.லி. பாட்டில் இரண்டு என்றால் 150. அளவைவிட நேரம்தான் உன் பிரச்சினை. உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்குக் குடித்தது மூன்று மணிக்கும் உன்னோடு படுத்திருக்கும். உங்கள் அம்மா எழுந்திருக்கிற நேரத்துக்கு நீ தூங்க ஆரம்பிக்கிறாய் என்று நினைக்கிறேன்.

மணலி தம்பிக்கும் ஒரு வார்த்தை. 1953-ல் ஒரு கட்டுரை வந்தது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க சிப்பாய்களின் இதயத்தைத் திறந்து பார்த்திருந்தார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இதயக் குழாயில் நோயின் தடயம் இருந்தது. அப்போது எந்தத் தடுப்பூசி? சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் பற்றி ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2023-ல் ஆய்வு வெளியிட்டது, அதை நடத்தியது நம் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்தான். 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களைப் பார்த்தார்கள். தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, புகை, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மூச்சு முட்டக் குடித்தது, கோவிடில் ஆஸ்பத்திரியில் படுத்தது, அதே இரண்டு நாளில் கடுமையாக உடம்பை வருத்தியது, இவையெல்லாம் வந்தன. பூண்டு நல்ல பொருள்தான். ரசத்தில் போடுங்கள்.


தேரடி மெட்ரோ (மதியம் 3.15)

பையன்கள் மட்டுமே பேசுகிறீர்கள், நானும் சொல்கிறேன். திருவொற்றியூரிலிருந்து தினம் காலேஜ் போகிறேன், எம்.எஸ்ஸி. முதல் ஆண்டு. போன வருடம் எனக்குப் படபடவென்று அடித்தது. மெட்ரோ படிக்கட்டில் பாதி ஏறும்போதே நெஞ்சு காதுக்குள் கேட்கும். ஹார்ட்தான் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பரீட்சை டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார்கள். அதை வாங்கவில்லை. அப்புறம் அத்தை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் 7.9. இருக்க வேண்டியது 12. ரத்தம் இல்லாததால் இதயம் இரண்டு மடங்கு ஓடியிருக்கிறது. காலையில் சாப்பிடாமல் டீ, மதியம் சாப்பிட்ட கையோடு டீ என்று இருந்தேன். டீ இரும்புச் சத்தைச் சேரவிடாதாம். இரும்பு மாத்திரையும் முருங்கைக்கீரையும் ஆறு மாதம். இப்போது 11.8, படிக்கட்டு ஏறுகிறேன்.

தம்பி, ஒன்றே ஒன்று. வியாபாரத்துக்கு வைத்த இட்லி என்று கை வைக்கவில்லை என்கிறாயே, உங்கள் அம்மாவுக்கு அது தெரியுமா? என் அம்மாவாக இருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பார்.

ஈசிஜி அண்ணா, எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் கருவாடு. அதை விடச் சொல்லாதீர்கள்.


ராயபுரம் ஈசிஜி (மாலை 6.20)

விடச் சொன்னால் எனக்கே வீட்டில் சோறு கிடைக்காதும்மா. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, தலை தட்டின ஒரு டீஸ்பூன். நாலு நாளை ஒரு நாளாக்கு. வெந்நீரில் ஊற வைத்து இரண்டு மூன்று தண்ணீர் கழுவு. அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதே, அன்றைக்கு அப்பளம், ஊறுகாய் வேண்டாம். மீதி நாளுக்குக் காசிமேட்டில் மத்தி, நெத்திலி பச்சை மீனாகவே கிடைக்கிறது, குழம்பு வை. வறுக்காதே. உண்மையில் எனக்குக் கருவாட்டைவிடத் தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ்தான் பயம். சோயா சாஸ், அஜினோமோட்டோ, அதற்கு மேல் உப்பு என்று மூன்று வழியில் சோடியம் ஏறுகிறது. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிடுகிற அன்று நானும் எண்ணிக்கை பார்ப்பதில்லை, அது மாதம் ஒரு நாள்.

உனக்கு ரத்தம் எடுக்கச் சொன்ன அத்தைக்கு ஒரு கும்பிடு. பொம்பளைப் பிள்ளைக்கு நெஞ்சு படபடத்தால் டென்ஷன் என்று எழுதி அனுப்புவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.


கொருக்குப்பேட்டை கேட் (பதினோரு நாள் கழித்து, இரவு 9.10)

அண்ணா, நோட்டுப் போட்டு எழுதினேன். டெலிவரியில் கூட ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வீட்டிலிருந்து மெஷின் இரவல் வாங்கினேன். முதல் நாள் 144/92, தள்ளிவிட்டேன். மீதி ஆறு நாள் சராசரி 131/82. டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி வா, அதற்குள் ஆறு கிலோ குறை என்றார். எல்டிஎல் 164. 190 இல்லை, ஆனால் 20 வயதுக்கு இது அதிகம் என்றார், அதையும் மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். தங்கைக்கு 98, அவள் துள்ளிக் குதிக்கிறாள்.

சிவப்பு பாட்டிலை நிறுத்தினேன். மூன்று நாள் மண்டை பிளந்தது, அப்புறம் சரி. தம் இன்னும் முழுசாக விடவில்லை. சுவரில் சாயாமல் இருந்தால் தப்பித்துவிடுகிறேன், சாய்ந்தால் ஒன்று. பொய் சொல்ல விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போனேன். ஏழாவது படிக்கிற பொடியன்கள் என்னைச் சுற்றிச் சுற்றிப் பந்தைக் கொண்டுபோனார்கள், பத்து நிமிடத்தில் நாக்கு வெளியே வந்துவிட்டது. எடுத்தவுடனே ஓடாமல் ஒரு வாரம் நடக்கச் சொல்லி ஒரு பெரியவர் திட்டினார். இப்போது நடக்கிறேன்.

அக்கா, இட்லி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கரண்டி வரவில்லை. ஒன்றும் பேசாமல் மறுநாளிலிருந்து முதல் ஈட்டில் நாலு இட்லி தனியாக எடுத்து மூடி வைத்துவிடுகிறார்.

இப்போது எழுத வந்த விஷயம் வேறு. நேற்று மெஷினைத் திருப்பிக் கொடுக்கிற நாள். கொடுப்பதற்கு முன் எல்லாரும் ஒரு தடவை பார்க்கலாம் என்று தங்கை ஆரம்பித்தாள். அப்பாவுக்கு 126/78, மாத்திரை போடுகிறார். அம்மா கையில் சுற்றினால் 176/104. நீங்கள் சொன்ன மாதிரி ஐந்து நிமிடம் உட்கார வைக்கவே பெரும்பாடு, அடுப்பில் இட்லி இருக்கிறது, அடி பிடித்துவிடும் என்று எழுந்து எழுந்து ஓடினார். பிடித்து உட்கார வைத்து மறுபடி எடுத்தேன், 172/102. இன்று காலையிலும் 170-க்குக் குறையவில்லை. மெஷின் கெட்டுப்போயிருக்கும், உன் அப்பாவுக்கு மட்டும் நல்லாக் காட்டுகிறதே என்கிறார். ஆறு வருடமாக அப்பாவை மாதாமாதம் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். அவர் கையில் இதுவரை யாரும் பட்டை சுற்றியதில்லை. வயது 43. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், வாரநாளில் கடையை மூட முடியாதாம்.


ராயபுரம் ஈசிஜி (இரவு 9.25)

தலைவலி, மூச்சு வாங்குவது, கண் மங்குவது, ஒரு பக்கம் மரத்துப்போவது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் இப்போதே, 108. இல்லை என்றால் நாளைக் காலை. ஞாயிறு வரை வேண்டாம்.

உங்கள் வார்டில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். பிபி, சர்க்கரை பார்ப்பார்கள், மாத்திரையும் இலவசம். அதற்கப்புறம் 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல், 2021-லிருந்து நடக்கிறது, மாத்திரை வீட்டுக்கே வரும். கடையை மூட வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்ல உனக்கு அது உதவும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய யூரியாவும் கிரியாட்டினினும் ஒரு தடவை பார்க்கச் சொல். ஈசிஜியும் எடுப்பார்கள், போர்வை கேட்டு வாங்கு.

கடைக்கு என்ன செய்வது என்று கேட்பார். இட்லி ஊற்றத் தெரியுமா உனக்கு?


கொருக்குப்பேட்டை கேட் (மறுநாள், காலை 8.50)

தலைவலி மட்டும் ஒரு மாதமாக இருக்கிறதாம், சாம்பிராணிப் புகை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அண்ணா, நீங்கள் சொன்னது அவருக்குப் புரிய வைக்க ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. அந்த நேரத்திலேயே அப்பா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார், அம்மா வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். கேஷுவால்டியில் பார்த்து, மாத்திரை கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, 158-க்கு வந்ததும் காலையில் ஓபிக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது ஓபி வரிசையில் அம்மாவும் தங்கையும். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. கடையில் நானும் அப்பாவும். முதல் ஈடு குழைந்துவிட்டது, இரண்டாவது ஈடு பரவாயில்லை, பழைய கஸ்டமர் ஒருவர் சட்னியில் உப்பே இல்லை என்று திட்டிவிட்டுப் போனார். தங்கை இப்போதுதான் போன் செய்தாள். அம்மாவுக்கு முன்னால் இன்னும் 41 பேர், அம்மா அங்கிருந்தே நேற்று ஊற வைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டாச்சா என்று கேட்கச் சொன்னாராம். போடவில்லை. போடப் போகிறேன்.